கேரல் ரவுண்ட்ஸ்: நவம்பர் கூட்டம் முதல் கடைசி வீடு வரை

தென் மாவட்டத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் டிசம்பர் பிறந்துவிட்டால் இரண்டு வேலைகள் வாலிபர்கள் தலையில் விழும். ஒன்று, ராத்திரியில் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ். சில ஊர்களில் கீத பவனி என்பார்கள். இன்னொன்று, கோயிலில் நடக்கும் கேரல் ஆராதனை. இரண்டுக்கும் ஆட்கள் ஒன்றுதான், பாட்டுகளும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் இரண்டையும் சேர்த்தே திட்டமிடலாம். முதல் தடவை பொறுப்பு ஏற்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழு பாட, வீட்டுக்காரர்கள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்காத காட்சி. அந்த வீட்டுப் பாட்டி கட்டிலில் உட்கார்ந்தபடியே கூடச் சேர்ந்து இழுத்துப் பாடினால் அதுதான் நல்ல கேரல். எந்தப் பாட்டு, எந்த ஸ்ருதி, எந்த வாத்தியம், எத்தனை மணிக்கு என்ற எல்லா முடிவையும் இதை வைத்தே எடுக்கலாம். கோயிலிலும் இதே கதைதான்.

தேதி குறிப்பது

நவம்பர் நடுவிலேயே உட்கார்ந்துவிடுங்கள். அட்வெந்து முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரும். அட்வெந்து கிறிஸ்துமஸுக்கு முந்தின காத்திருப்பின் காலம், பிறப்பின் பாட்டுகளை அதற்குள் பாடக் கூடாது என்று கண்டிப்பாக இருக்கும் ஐயர்மார், அதாவது சபைப் போதகர்கள், இன்னும் உண்டு. அவர்களோடு வாதாட வேண்டாம். டிசம்பர் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டால் அநேகமாக எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

அடுத்த தடை அரையாண்டுத் தேர்வு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஏறத்தாழ டிசம்பர் 23 வரை இழுக்கும். கல்லூரிப் பிள்ளைகளும் வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் ஊர் வந்து சேர 20-ஆம் தேதியாவது ஆகிவிடும். ஆகவே பெரிய சேகரமாக (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள பகுதி) இருந்தால் தெருக்களைப் பிரித்து, தொலைவில் உள்ள பகுதிகளைப் பெரியவர்களை மட்டும் கொண்டு முதலில் முடித்துவிட்டு, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களை 22, 23-க்கு வைப்பது நல்லது. 24 ராத்திரியைக் காலியாக விடுங்கள். அன்றைக்கு வீடுகளில் பலகாரம், புதுத்துணி, விடியற்கால ஆராதனைக்கான பரபரப்பு எல்லாம் இருக்கும். கதவைத் திறப்பவர் முகத்திலேயே அது தெரியும்.

மழையையும் கணக்கில் எடுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்துவிட்டது என்று நம்ப முடியாது. 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பேய்மழையில் ஊர் ஊராகத் தண்ணீர் புகுந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மாற்று நாள் வைத்து, அதையும் கோயில் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

தேதி முடிவானதும் சேகரக் கமிட்டியிடம் சொல்லி, பெண்கள் ஐக்கியம், ஓய்வுநாள் பள்ளி ஆகியவற்றின் நிகழ்ச்சிகளோடு மோதுகிறதா என்று பாருங்கள். ஒரே தெருவில் கத்தோலிக்கப் பங்கும் இருந்தால் அவர்கள் குழு வரும் நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ராத்திரியில் இரண்டு கிறிஸ்துமஸ் தாத்தாக்கள் எதிரெதிரே வந்தால் பிள்ளைகளுக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

யார் யார்

வீட்டுக்குள் நுழையக்கூடிய எண்ணிக்கை பன்னிரண்டிலிருந்து இருபது. அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வாசலில் நின்று அரட்டை அடிப்பார்கள், உள்ளே பாடுகிறவர்களுக்குத் தாளம் தப்பும். ஆட்கள் அதிகம் இருந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள்.

பாடத் தெரிந்தவர்களைத் தவிர நான்கு பேர் அவசியம். ஸ்ருதி கொடுக்க ஒருவர். இவருக்குக் குரல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, காது சரியாக இருக்க வேண்டும். குழுவுக்கு ஒரு வீடு முன்னால் போய் 'வருகிறார்கள்' என்று சொல்லிவிட்டு வர ஒருவர். காணிக்கைக் கவர்களை வாங்கி எழுதி வைக்க ஒருவர். நான்காவது ஆள் கோயில்பிள்ளை, கோயில் பணியாளர். எந்தச் சந்தில் எந்தக் குடும்பம், யார் வீடு மாறிப் போனார்கள், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எந்தச் செயலியிலும் அது கிடைக்காது.

பெண் பிள்ளைகள் வருவதென்றால் பெரியவர்களில் இரண்டு அக்காமார் கூட வர வேண்டும், திரும்பும்போது ஒவ்வொருவரையும் வீட்டு வாசல்வரை விட வேண்டும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை ஒன்பது மணிக்குமேல் வைத்துக்கொள்ளாதீர்கள். இதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அனுப்பத் தயங்க மாட்டார்கள்.

பாட்டுத் தேர்வு

இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன. ஒவ்வொரு வருஷமும் யூடியூபில் வந்த புதுப் பாட்டு நாலைந்தை எடுத்துக்கொண்டு, நவம்பர் முழுவதும் அதையே பழகி, கடைசியில் வீட்டுக்காரருக்கு ஒரு வரிகூடத் தெரியாத பாட்டை அவர் வீட்டு ஹாலில் நின்று பாடுகிறோம். புதுப் பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்று போதும்.

என் கணக்கு இது. மொத்தம் ஏழெட்டுப் பாட்டு. அதில் பாமாலைப் பாட்டு (மேல்நாட்டு ராகத்தில் பாடும் ஞானப்பாட்டு) மூன்று நான்கு, கீர்த்தனை (நம் ராகத்தில் பாடுவது) இரண்டு, துள்ளலான பாட்டு ஒன்று, புதியது ஒன்று. பாமாலையில் 'பக்தரே வாரும்', 'ஒப்பில்லா திரு இரா', 'ராக்காலம் பெத்லேம் மேய்ப்பர்கள்' மூன்றையும் விட முடியாது. சிறு பிள்ளை முதல் எண்பது வயதுக்காரர் வரை மனப்பாடமாகத் தெரிந்தவை. 'ஒப்பில்லா திரு இரா'வின் ராகம் 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூரில் கிட்டார் துணையோடு முதலில் பாடப்பட்டது. வார்த்தை எழுதியவர் யோசேஃப் மோர் என்ற குருவானவர், ராகம் போட்டவர் ஃபிரான்ஸ் சேவர் குரூபர் என்ற பள்ளி ஆசிரியர். கிட்டார் வைத்துப் பாடினால் மரியாதைக் குறைவு என்று யாராவது பெரியவர் சொன்னால் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

முடிவுக்கு மங்களம். 'சீர் இயேசு நாதனுக்கு ஜெயமங்களம்' தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பாடியது. சரபோஜி மன்னர் காலத்தில் வாழ்ந்தவர், 1774-இல் பிறந்து 1864 வரை இருந்தவர். அவருடைய பாட்டைத் தொடங்கினால் போதும், அடுக்களையில் இருப்பவர்களும் கை துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்துகொள்வார்கள். வேறு எந்தப் பாட்டை மாற்றினாலும் இதை மாற்றாதீர்கள்.

ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு சரணம் போதும். எந்த இரண்டு என்று முன்பே முடிவு செய்து தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். செல்போனைப் பார்த்துப் பாடினால் எல்லோர் முகமும் கீழே நீல வெளிச்சத்தில் குனிந்திருக்கும், வீட்டுக்காரரை யாரும் பார்க்க மாட்டார்கள். வீட்டுக்காரருக்கும் கொடுக்கப் பத்துத் தாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், பெரியவர்கள் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஸ்ருதி

ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் சேர்ந்து பாடும்போது பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் ஸ்ருதிதான். கொயர் (கோயில் பாடகர் குழு) வாத்தியார் புத்தகத்தில் இருக்கிற ஸ்ருதி பயிற்சி பெற்ற குரலுக்கானது. தெருவில் நின்று, பனியில், பத்தாவது வீட்டில் அதை எட்ட முடியாது.

'பக்தரே வாரும்' வழக்கமாக ஜி மேஜரில், அதாவது 5 கட்டையில் பாடப்படும். அதில் மேல் எல்லை டி. முதல் மூன்று வீட்டில் இது சரிதான். குரல் களைத்தபின் எஃப்-க்கு, 4 கட்டைக்கு, இறக்கிவிடுங்கள். 'ஒப்பில்லா திரு இரா' தாலாட்டு மாதிரி மெதுவாகப் போவதால் எளிது என்று தோன்றும். உண்மையில் அதன் கீழ் ஸ்வரத்துக்கும் மேல் ஸ்வரத்துக்கும் இடையில் ஒரு ஸ்தாயிக்கு மேலேயே இடைவெளி. பி ஃப்ளாட்டில் பாடினால் உச்சத்தில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். 6 கட்டையில், ஏ மேஜரில் வைத்தால் உச்சம் அதே டி-யில் நின்றுவிடும். அந்தப் பாட்டு 'ச'வில் தொடங்குவதில்லை, 'ப'வில் தொடங்குகிறது. ஆகவே ஸ்ருதி கொடுப்பவர் ஆதார ஸ்வரத்தை மட்டும் மீட்டிவிட்டு விடாமல், முதல் வார்த்தையின் ஸ்வரத்தை முனகிக் காட்ட வேண்டும்.

'ஜாய் டு த வேர்ல்ட்' பாடுகிறவர்களுக்கு இதற்கு நேர் எதிரான சிக்கல். அது மேல் 'ச'வில் தொடங்கி ஒரு முழு ஸ்தாயி படிப்படியாக இறங்குகிறது. குத்துமதிப்பாகத் தாழ்வாக ஆரம்பித்தால் முதல் வரி முடிவதற்குள் குரல் தரையில் உரசும். 2 கட்டையில், மேல் டி-யிலிருந்து துணிந்து தொடங்குங்கள்.

ஜி, டி, ஏ மூன்றும் கிட்டார்காரருக்கும் சுலபமான கார்டுகள். ஸ்ருதி ஏற்றக் கிட்டார் கழுத்தில் மாட்டும் கேப்போவைத் தேடிப் பையைத் துழாவ வேண்டாம்.

பயிற்சி

வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், மூன்று வாரம் போதும். முதல் வாரம் வாத்தியமே இல்லாமல் பாடுங்கள். வாத்தியம் இல்லாமல் நிற்கிற பாட்டு எந்தத் தெருவிலும் நிற்கும். இரண்டாம் வாரம் ஆல்ட்டோ, டெனார், பாஸ் என்று பிரிக்க ஆள் இருந்தால் இரண்டு பாட்டுக்கு மட்டும் செய்யுங்கள். எல்லாப் பாட்டுக்கும் நாலு குரல் வைக்க ஆசைப்பட வேண்டாம், வீட்டுக்காரருக்கு எந்தக் குரலைப் பிடித்துப் பாடுவது என்று தெரியாமல் போய்விடும். மூன்றாம் வாரம் நின்றுகொண்டே பாடிப் பழகுங்கள், ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் பேச்சில்லாமல் மாறவும் பழகுங்கள்.

வாத்தியம்

ஒரு கிட்டார் அல்லது தோளில் மாட்டும் ஆர்மோனியம், ஒரு டோலக், ஒரு டாம்பரின். இதற்குமேல் எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் யாராவது தூக்க வேண்டும். கீபோர்டு, ஸ்பீக்கர், ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றிக் குட்டியானையில் போகிற குழுக்கள் உண்டு. வண்டி நுழையாத சந்தில் இருக்கும் வீடுகளுக்கு அவர்கள் தெருமுனையிலிருந்தே பாடிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சந்தில்தான் வருஷம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்காத வீடு இருக்கும். கீபோர்டில் தானாக ஓடும் தாளத்தை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். வயதானவர்கள் மெதுவாக இழுக்கும் இடத்தில் அது நின்று கொடுக்காது.

ஸ்பீக்கர் எடுத்தே ஆக வேண்டுமென்றால் சட்டம் தெரிந்திருக்கட்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு நேர வரம்பு 45 டெசிபல்தான், அது இரண்டு பேர் மெல்லப் பேசிக்கொள்ளும் அளவு. காவல் நிலையத்தில் ஒரு வாரம் முன்பே கடிதம் கொடுத்துவிடுங்கள். பத்து மணிக்குமேல் வெறும் குரலில் பாடும்போதும் டோலக்கை உறையில் போட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், காலையில் முதல் பேருந்துக்கு ஓட வேண்டியவர் இருக்கலாம்.

வீட்டுப் பட்டியலும் பாதையும்

ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம், அடுத்த வீட்டுக்கு நடக்க ஐந்து நிமிஷம். அப்படியானால் மணிக்கு நான்கு வீடு. மாலை ஆறரைக்குக் கிளம்பிப் பத்தரைக்கு முடித்தால் பதினாறு வீடு. இதைக் கமிட்டியிடம் கணக்காகவே காட்டுங்கள். ஒரே ராத்திரியில் நாற்பது வீடு என்று ஆசைப்பட்டால், கடைசி வீட்டுக்காரர் விடியற்காலை நாலேகால் மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறப்பார். விடிய விடியப் போவதுதான் எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வழக்கத்தில் சுகம் பாடுகிறவர்களுக்குத்தான், காத்திருக்கிறவர்களுக்கு இல்லை.

வரிசையை அருகாமை பார்த்து மட்டும் போடாதீர்கள். படுக்கையில் இருப்பவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், சிறு குழந்தை உள்ள வீடுகள் எல்லாம் எட்டு மணிக்குள் வர வேண்டும். வாலிபர்கள் நிறைந்த வீடுகள், கமிட்டிக்காரர் வீடுகள் கடைசியில் வரலாம். நடைமுறையில் இது தலைகீழாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன், பெரிய வீட்டுக்கு முதல் மரியாதை.

துக்க வீடு தனி விஷயம். அந்த வருஷம் சாவு நடந்த வீட்டில் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். அதனாலேயே பல குழுக்கள் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடும். தாண்டாதீர்கள். ஐயரோ, அந்தக் குடும்பத்துக்கு நெருங்கியவரோ முன்பே போய், 'அண்ணாச்சி, பிள்ளைகள் வரலாமா?' என்று கேட்கட்டும். வரட்டும் என்றால் தாத்தா வேஷக்காரரையும் டோலக்கையும் வெளியில் நிறுத்திவிட்டு, ஐந்தாறு பேர் மட்டும் உள்ளே போய், மெதுவான பாட்டு ஒன்று, ஒரு ஜெபம். அவ்வளவுதான். வேண்டாம் என்றால் மனதில் வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட வேண்டும்.

தெருவில் இருக்கும் மற்ற மதத்தார் வீடுகளிலும் 'எங்க வீட்டுக்கும் வாங்க' என்று கூப்பிடுவது நம் ஊர்களில் சாதாரணம். கூப்பிட்டால் போங்கள், பாடுங்கள், வாழ்த்துச் சொல்லுங்கள். கூப்பிடாமல் போக வேண்டாம்.

அந்தப் பத்து நிமிஷம்

வாசலுக்கு வரும்போதே பாட ஆரம்பித்துவிட வேண்டும். மணியடித்துக் கதவு திறக்கும்வரை மௌனமாக நிற்பதைவிட, 'பக்தரே வாரும்' கேட்டுக் கதவு திறப்பது அழகு. உள்ளே போனதும் தாள்களைக் கையில் கொடுங்கள். 'உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?' என்று வீட்டில் மூத்தவரிடம் கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் பட்டியலில் இல்லாமலும் போகலாம், தெரிந்த அளவுக்குப் பாடுங்கள், அவரே எடுத்துக் கொடுப்பார். அப்புறம் ஓர் உற்சாகப் பாட்டு, பிள்ளைகளுக்குத் தாத்தாவின் மிட்டாய், இரண்டு மூன்று வசனம், சுருக்கமான ஜெபம், மங்களம். பாடிக்கொண்டே வெளியே வந்துவிடுங்கள். பேச்சு தொடங்கிவிட்டால் அரை மணி போய்விடும்.

கேக், முறுக்கு, முந்திரிக்கொத்து எல்லா வீட்டிலும் நீட்டுவார்கள். எல்லா வீட்டிலும் சாப்பிட்டால் ஏழாவது வீட்டில் பாட மூச்சு வராது. ஒரு வீட்டில் டீ, ஒரு வீட்டில் சாப்பாடு என்று முன்பே பேசி வைத்து, மற்ற இடங்களில் கொடுப்பதைப் பையில் வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த கூல்டிரிங்க்ஸ் தொண்டைக்கு எதிரி. வெந்நீர் ஒரு பிளாஸ்கில் எப்போதும் இருக்கட்டும்.

காணிக்கையை உண்டியல் குலுக்கிக் கேட்காதீர்கள். கொடுக்கிறவர்கள் கவரில் கொடுப்பார்கள், வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். முடியாத வீட்டில் எதிர்பார்த்து நிற்கிற மாதிரி தெரியவே கூடாது. அன்றன்றைக்கே இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திட்டுப் பொருளாளரிடம் ஒப்படைத்துவிட்டால் பின்னால் ஒரு பேச்சும் வராது. பணம் எதற்குப் போகிறது என்பதைக் கிளம்பும் முன்பே கோயிலில் அறிவித்துவிடுங்கள்.

தாத்தா வேஷத்துக்கு உயரமான ஆளைவிடப் பிள்ளைகளிடம் பொறுமையுள்ள ஆள் முக்கியம். முகமூடி பிளாஸ்டிக்காக இருந்தால் சின்னக் குழந்தைகள் அலறும், பஞ்சுத்தாடி போதும்.

கோயிலில் கேரல் ஆராதனை

ஒன்பது பாடங்களும் கீதங்களும் என்ற அமைப்பைத்தான் பல சபைகள் பின்பற்றுகின்றன. இது 1880-இல் இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில், அங்கே பேராயராக இருந்த எட்வர்ட் வைட் பென்சன் ஏற்படுத்தியது. 1918-இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி எடுத்துக்கொண்டது, 1928-இல் பிபிசி வானொலி ஒலிபரப்பியது, அதன்பின் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஏதேன் தோட்டத்திலிருந்து பெத்லகேம் வரை ஒரே கதையாக வேத பாடங்கள் நகரும், ஒவ்வொரு பாடத்துக்கும் பதிலாக ஒரு பாட்டு.

வழக்கமான வரிசை இது: ஆதியாகமம் 3, ஆதியாகமம் 22, ஏசாயா 9, ஏசாயா 11, லூக்கா 1-இல் மரியாளுக்கு வந்த செய்தி, லூக்கா 2-இல் பிறப்பு, அதே அதிகாரத்தில் மேய்ப்பர்கள், மத்தேயு 2-இல் சாஸ்திரிகள், கடைசியாக யோவான் 1. முழு அதிகாரத்தையும் வாசிக்க வேண்டாம், பத்துப் பன்னிரண்டு வசனத்துக்கு மேல் எதுவும் போகக் கூடாது. வாசிப்புக்கு இரண்டு நிமிஷம், பாட்டுக்கு நான்கு நிமிஷம் என்றால் ஒன்பதுக்கும் ஐம்பத்து நாலு நிமிஷம். ஆரம்பப் பவனி, ஜெபம், காணிக்கை, சின்னச் செய்தி எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடும். செய்தி சின்னதாக இருப்பது ஐயர் கையில். பாடங்களே செய்தி சொல்லிவிடுகின்றன என்று மெதுவாக நினைவூட்டலாம்.

கிங்ஸ் கல்லூரியில் முதல் பாடத்தைப் பாடகர் குழுச் சிறுவன் வாசிப்பான், கடைசிப் பாடத்தைக் கல்லூரித் தலைவர் வாசிப்பார். நம் சபையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளையில் தொடங்கி, வாலிபர், பெண்கள் ஐக்கியம், கோயில்பிள்ளை, கமிட்டி உறுப்பினர், கடைசியில் ஐயர் என்று வைக்கலாம். கோயில்பிள்ளையை இதில் சேர்த்தால் சபையே நிமிர்ந்து உட்காரும். வாசிக்கிறவர்களை முந்தின நாள் மைக் முன்னால் நிறுத்தி ஒரு தடவை வாசிக்க வையுங்கள். ஏசாயாவின் வாக்கியங்கள் எங்கே மூச்சு விடுவது என்று தெரியாதவரைத் திணறடிக்கும்.

ஒன்பது பாட்டில் கொயர் தனியாகப் பாடுவது மூன்று, மிஞ்சினால் நாலு. மீதியெல்லாம் சபையார் பாட்டு. நாலு குரல் வித்தையை அந்த மூன்றில் காட்டிக்கொள்ளுங்கள். சபையார் பாட்டுக்கு ஆர்கன் முன்னிசை ஒரு வரி முழுக்க வர வேண்டும், எல்லோரும் எழுந்து, புத்தகம் விரித்து, மூச்சு இழுக்க நேரம் வேண்டும்.

மெழுகுவர்த்தி ஏற்றுவதாக இருந்தால் மின்விசிறிகளை அதற்கு முந்தின பாட்டிலேயே நிறுத்திவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஏற்ற ஏற்ற அணையும். எரிகிற திரியைச் சாய்க்கக் கூடாது, எரியாத திரியைச் சாய்த்து ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மெழுகு கையிலும் பட்டுச்சேலையிலும் சொட்டாது. ஒவ்வொன்றுக்கும் அட்டை வளையம் போட்டுவிடுங்கள். சிறு பிள்ளைகளுக்குப் பேட்டரி விளக்கு. தண்ணீர் வாளி இரண்டு ஓரத்தில் இருக்கட்டும்.

முடிந்த பிறகு

காணிக்கைக் கணக்கைப் பண்டிகைக்கு அடுத்த ஞாயிறே அறிவியுங்கள். பாட்டுத் தாள்களைத் திரும்ப வாங்கி, கொயர் அலமாரியில் எந்த ஸ்ருதியில் பாடினோம் என்ற குறிப்போடு வையுங்கள், அடுத்த வருஷப் பொறுப்பாளருக்கு உதவும். மழையாலோ நேரம் போதாமலோ விடுபட்ட வீடுகள் கட்டாயம் இருக்கும். 26-க்கும் 30-க்கும் இடையில் ஒரு சாயங்காலம் நாலைந்து பேர், ஒரு கிட்டார், தாத்தா வேஷம் இல்லாமல் போய்ப் பாடிவிட்டு வந்துவிடுங்கள். 31-ஆம் தேதி வாட்ச் நைட் ஆராதனையில் அவர்களை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமே.